மறுக்கப்பட்ட ஒன்பது ஆர்டர்கள்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? லிப்ட் மெக்கானிக்குக்குப் படி ஏறி முழங்கால் போனது என்று வெளியே சொல்லாதே, சிரிப்பார்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

செய்தி அனுப்பினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். காது போய்ப் பதினேழு வருஷமாக உன் குரல் எனக்கு இந்தக் கடிதத்தில்தான் கேட்கிறது. அதனால் பெரிதாக எழுது.

இணையக் கடை விஷயம். பெயர்ப்பட்டைக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் சட்டைக் காலரில் தைக்க, முதியோர் இல்லத்துத் துணிகளில் தைக்க, யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொல்லையெல்லாம் கார்டுப் பணத்தை வாங்கித் தருகிற கம்பெனியிடம். அதைப் பெரிய கம்பெனி ஒன்று விழுங்கிவிட்டது. புது விதிகள் பதினான்கு பக்கம் வந்திருக்கின்றன. மாதம் நூறு ஆர்டருக்குக் குறைந்தால் கட்டணம் இரண்டு பங்கு. மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் கணக்கையே மூடிவிடுவார்களாம். டிசம்பரில் எனக்குத் தொண்ணூற்றொன்று.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. இத்தனை நாள் வாங்குகிறவர்களின் பேங்க் ஸ்டேட்மென்டில் என் கடைப் பெயர் வந்தது. இனி பெரிய கம்பெனியின் நாலு எழுத்தும் ஆறு எண்ணும்தான் வருமாம். என் கடையில் நானே வாங்கினாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

பயப்படுகிறேன் அண்ணா. வேறு எங்கே போனாலும் முதலில் காதைக் கேட்கிறார்கள். இந்தக் கடைக்கு வருகிற யாருக்கும் எனக்குக் காது கேட்காது என்பதே தெரியாது. புலம்பினேன் என்று அண்ணியிடம் சொல்லாதே. என் காது ஆபரேஷனுக்கு அவர் சேமிப்பு போனதே போதும்.

அன்புடன்,
தங்கை

ஜனவரி 21

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். முழங்கால் மட்டும் தனியாகக் குடித்தனம் நடத்துகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மெஷின் முன்னால் உட்கார்ந்தால் உனக்குப் பசியே எடுக்காது, எனக்குத் தெரியும்.

பெரிதாக எழுதச் சொன்னாய். போன வாரம் பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பல் டாக்டர். கதவைத் திறந்து தூக்கிவிட்டால், வந்த வேகத்தில் என்னைத் திட்டுகிறார். நான் வாயைத் திறந்து சிரித்தேன். உடனே, கடைவாய்ப்பல்லைக் காட்ட நாளைக்கு வாருங்கள் என்றார்.

கடையைப் பற்றிக் கவலைப்படாதே. ஒன்பது ஆர்டர்தானே குறைந்தது? உலகத்தில் பிள்ளைகளுக்கும் காலருக்கும் பஞ்சமா? எல்லாம் தானாக நடக்கும். இரண்டு மாதம் பொறு.

உன் அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

என்றும் அன்புள்ள,
அண்ணன்

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? கடைவாய்ப்பல்லைக் காட்டினாயா?

உன் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. ஜனவரியில் சரியாக நூறு. நூறாவது ஆர்டர் வந்தபோது எழுந்து மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். கீழ்த்தளத்து அச்சகக்காரர் ஏதோ விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார். தரை அதிர்ந்ததாம். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு அட்டையில் நூறு என்று பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

ஒரு வேடிக்கை கேள். நாற்பது பட்டை வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போட வேண்டிய பெயர், 'சுண்ணாம்பு'. நாம் கணக்கு வாத்தியாருக்கு வைத்த பெயர். உலகத்தில் இன்னொரு சுண்ணாம்பு இருக்கிறார் போலிருக்கிறது. நீலத் துணியில் வெள்ளை நூல் கேட்டிருந்தார். நல்ல ரசனைக்காரர். நாற்பதையும் சிரித்துக்கொண்டே தைத்தேன்.

இன்னும் ஒரு மாதம் இப்படியே ஓடினால் பள்ளி திறக்கும் பருவம் வந்துவிடும். அப்புறம் நூறென்ன, அறுநூறு வரும். வருஷத்துச் சாப்பாடே அந்த இரண்டு மாதத்தில்தான்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சந்தோஷமாக,
தங்கை

மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்து எனக்கும் ஒரு நடை நடக்கத் தோன்றியது, முழங்கால்தான் விடவில்லை.

நான் சொன்னேன் அல்லவா? ஊரில் எத்தனையோ சுண்ணாம்பு இருப்பார்கள். அதையெல்லாம் ஆராயாதே. தைத்தாயா, அனுப்பினாயா, அவ்வளவுதான். பருவத்துக்கு நூல் வாங்கி வை. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

இங்கே வேலை அதிகம். இன்னொரு நாள் பெரிதாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். என்னைப் பற்றி அப்படி எழுத வரவில்லை.

கடைக் கணக்கை நிறுத்திவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஜனவரியில் வாங்கியவற்றில் ஒன்பது ஆர்டரை, வாங்கவே இல்லை என்று பேங்கில் மறுத்திருக்கிறார்கள். நூற்றில் ஒன்றுக்கு மேல் மறுப்பு வந்தால் அது திருட்டுக் கடையாம். எனக்கு நூற்றில் ஒன்பது. கையில் சேர வேண்டிய பணத்தையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பருவத்துக்காகக் கடனில் வாங்கிய நூல் அறை முழுக்க அடுக்கிக் கிடக்கிறது. கடையைத் திறந்தால், 'இங்கே இப்போது பணம் செலுத்த முடியாது' என்று வருகிறது.

இதற்குப் பிறகு ஒரு பட்டியல் இருக்கிறது அண்ணா. அதில் பெயர் ஏறினால் எந்தக் கார்டுக் கம்பெனியும் ஐந்து வருஷத்துக்கு நம்மைச் சேர்க்காது. அதில் ஏறாமல் இருக்க இரண்டு வழி.

ஒன்று, மறுத்தவர்கள் தங்கள் பேங்கில் 'தவறாகச் சொல்லிவிட்டோம், நாங்கள்தான் வாங்கினோம்' என்று ஒரு வரி போட்டால் போதும். புதுப் பெயர் புரியாமல் நிறையப் பேர் இப்படி மறுக்கிறார்களாம், அதனால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஏப்ரல் முப்பது கடைசி நாள். இந்த வழி அந்த வாடிக்கையாளர் மனசில்தான் இருக்கிறது.

இரண்டு, மே இருபதுக்குள் கம்பெனிக்குப் போன் செய்து முறையிட வேண்டும். கடைக்காரர் பேச வேண்டும், அல்லது பதிவு செய்த தொடர்பாளர் பேச வேண்டும். கணக்குத் தொடங்கியபோது எனக்காகப் போனில் பேசத் தொடர்பாளர் என்று உன் பெயரைத்தான் கொடுத்தேன். நீ பேசு அண்ணா.

மறுத்தவர்களைப் பற்றிய தாள்களும் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றைப் பற்றி இப்போது எழுதவில்லை.

அவசரம் என்று செய்தியும் அனுப்பியிருக்கிறேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை

ஏப்ரல் 13
(இந்தக் கடிதம் தபாலில் போடப்படவில்லை.)

வாயாடி,

நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை. அந்த ஒன்பது ஆர்டரும் என்னுடையவை.

ஒன்பது குறைகிறது என்று நீ எழுதிய கடிதம் வந்த வாரமே வாங்கினேன். வேலை செய்கிற கட்டடங்களின் காவலாளிகள் பெயரில், ஒன்பது விலாசத்துக்கு, ஒரே கார்டில். எட்டுப் பட்டைக்கு அவர்கள் பெயரையே போட்டேன், ஒன்பதாவதுக்கு என்ன பெயர் போட என்று தெரியாமல் சுண்ணாம்பைப் போட்டேன். பட்டைகள் என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன. நீ மெஷினைச் சுற்றி நடந்தாய் என்று படித்தபோது எனக்கு அத்தனை பெருமை.

ஆபரேஷனுக்கு அப்புறம் உன் அண்ணிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன், அவளுக்குத் தெரியாமல் உனக்கு ஒரு பைசா தர மாட்டேன் என்று. அவள் கெட்டவள் இல்லை. அந்தப் பணம் அவள் பன்னிரண்டு வருஷம் சேர்த்தது. வந்து சேர்ந்த பலனும் உனக்குத் தெரியும்.

பிப்ரவரிக் கடைசியில் ஸ்டேட்மென்ட் வந்தது. நாலு எழுத்து, ஆறு எண், ஒன்பது தடவை. கார்டை யாரோ திருடிவிட்டார்கள் என்று அவள் பதறிப்போய் பேங்க் ஆப்பைத் திறந்து என் கையில் கொடுத்தாள். 'இந்தச் செலவு உங்களுடையதா? இந்தக் கடையைத் தெரியுமா?' என்று கேட்டது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இல்லை என்று அழுத்தினேன். அடுத்தது வந்தது. அதற்கும் இல்லை. ஒன்பதாவதுக்குப் பிறகு, நல்லவேளை என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள். எனக்கும் அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது. பணம் பேங்க் கொடுக்கும், யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். உன்னிடமிருந்து பிடிப்பார்கள் என்று தெரியாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நீ சொன்ன ஒரு வரியை நான் போடலாம். வாங்கியபோது என் போனுக்கு மட்டும்தான் செய்தி வந்தது, இதைப் போட்டால் பேங்க் இரண்டு பேர் போனுக்கும் அனுப்பும். கணக்கு எங்கள் இரண்டு பேர் பெயரிலும். நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவள் போன் சமையல் மேடையில் இருந்தது. மூடிவிட்டேன்.

நான்தான்

ஏப்ரல் 14

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நலம். உன் கடிதம் கண்டு வருத்தம். எனக்கு நாலு நாளாகச் சளியும் காய்ச்சலும். குரல் கட்டிவிட்டது. இந்தக் குரலில் கம்பெனிக்காரனிடம் பேசினால் திருடன் என்றே முடிவு கட்டிவிடுவான்.

உன் அச்சகக்காரர் நல்ல மனிதர்தானே, அவரைப் பேசச் சொல்லிப் பாரேன். நேரில் இருப்பவர் பேசினால் விவரம் சரியாக வரும். மறுத்தவர்களும் தானாகவே சரி செய்துவிடுவார்கள். மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை.

மாத்திரை நேரம். நிறுத்துகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

காய்ச்சல் விட்டதா? வெந்நீர் குடி.

நீ சொன்னபடி அச்சகக்காரரைக் கேட்டேன். பேசுகிறவர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதால், நான் பேசுவது, அவர்கள் சொல்வதை அவர் கேட்டுத் தாளில் எழுதிக் காட்டுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். முதல் நாற்பது நிமிஷம் அவர் தாளில் 'பாட்டு', 'பாட்டு', 'இன்னும் பாட்டுதான்' என்று எழுதினார். பிறகு ஒரு பெண் வந்தாள். பெயர் கேட்டாள், சொன்னேன். கடை முகவரி கேட்டாள், சொன்னேன். மூன்றாவது கேள்வியை அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது, புரியாமல், 'என்னம்மா சொல்றீங்க, திரும்பச் சொல்லுங்க' என்று வாயைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான். பக்கத்தில் வேறு ஆள் இருக்கிறார், பாதுகாப்பு விதிப்படி பேச முடியாது என்று வைத்துவிட்டாள்.

எனக்குக் காது கேட்காது என்று ஆறு மின்னஞ்சல் போட்டேன். ஆறுக்கும் ஒரே பதில், 'தொலைபேசியில் அழைக்கவும்.' செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே செவிடி சங்கை ஊதுகிறாள், காது இருக்கிறவர்களுக்குத்தான் விழவில்லை.

அச்சகக்காரர் கீழே போய்க் கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டவில்லை. தன்னால் கெட்டது என்று நினைத்திருக்கிறார். நான் போய், இல்லை என்று சொன்னேன். அப்படிச் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆனது.

அறுபது பேர் இதுவரை கடைக்கு வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒரு முதியோர் இல்லத்தில் முந்நூறு பட்டை கேட்டு, பணம் கட்ட முடியாமல் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பருவம் என் வாசல் வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது.

முதல் வழிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது அண்ணா. மனிதர்கள் மோசமில்லை என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

குரல் வந்ததும் பேசு. உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் திட்டுவாய். அதனால் எழுதவில்லை.

தங்கை

மே 21

அன்புள்ள வாயாடிக்கு,

நீ சுகமா? இங்கே இருக்கிறோம்.

நேற்று பேசினேன். கடைசி நாள் என்று தெரியும், தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அரை மணி நேரம் பேசினேன். ஒன்றும் ஆகவில்லை. முடிவைத் தபாலில் அனுப்புவார்களாம். நீ மனம் தளராதே. வேறு கம்பெனி ஏதாவது இருக்கும்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அண்ணன்

ஜூன் 10

அண்ணாவுக்கு,

சுகம்தானே?

கம்பெனியின் முடிவு வந்தது. ஏப்ரலில் என் குற்றம் 'அதிக மறுப்புகள்'. இப்போது 'போலி விற்பனை' என்று மாற்றியிருக்கிறார்கள். கீழே, 'கடையின் தொடர்பாளர் தாமே ஒப்புக்கொண்டதன் பேரில்' என்று இருக்கிறது. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. இதற்கு மேல்முறையீடு கிடையாது.

வேறு இரண்டு கம்பெனிகளில் விண்ணப்பித்தேன். ஒன்று பத்து நிமிஷத்தில் மறுத்தது, இன்னொன்று நாலு நிமிஷத்தில்.

என்னிடம் சொல்ல உனக்கு ஏதாவது இருக்கிறதா? பூசி மெழுகாமல் எழுது.

தங்கை

ஜூலை 3

அன்புள்ள வாயாடிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா?

ஏப்ரலில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். போடவில்லை. அதையும் இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி.

படித்துவிட்டாயா? மே இருபதாம் தேதி, ஒரு கட்டடத்தின் லிப்ட் அறையில், மோட்டாரை நிறுத்திவிட்டுப் பேசினேன். நல்ல பையன் ஒருவன்தான் பேசினான், மரியாதையாக. எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு என் பெயரை இன்னொரு தடவை கேட்டான்.

"சார், ஒன்பது ஆர்டரும் ஒரே கார்டுலதான் வந்திருக்கு. கார்டு உங்க பேர்ல இருக்கு. கடைக்குத் தொடர்பாளரும் நீங்கதான். வாங்கினது நீங்களா, இல்லையா?"

இல்லை என்றால், என் தங்கை திருட்டுக் கார்டில் பணம் எடுத்தவள் ஆகிறாள். ஒன்பது தடவை சொன்னது போதும் என்று தோன்றியது.

"நான்தான் வாங்கினேன்."

"அப்ப பேங்க்ல ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"வீட்டுல பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க தம்பி."

டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கடைக்கு வேண்டியவரே கணக்குக்காக வாங்கினால் அது போலி விற்பனை என்றான். ஏப்ரல் முப்பதுக்குள் மறுப்பைத் திரும்ப வாங்கியிருந்தால் யாரும் பெயரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், பத்து நாளில் கணக்கு திறந்திருக்கும் என்றும் சொன்னான். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சார் என்றான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் உன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கருவிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பட்டைகளை எடுத்துப் பார்த்தாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றாள்.

உனக்குப் பணம் அனுப்பச் சொல்கிறாள். எவ்வளவு வேண்டும் என்று எழுது. அடுத்த மாதம் நேரில் வருகிறேன். வரட்டுமா?

மன்னிப்பு என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

அண்ணன்

செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணி நலமா? உன் கடிதம் வந்து இரண்டரை மாதம் ஆகிறது. ஆகஸ்டில் நீ வந்து அழைப்பு மணியை அழுத்தினாய். அழைப்பு விளக்கு எரிந்தது, பார்த்தேன். ஜன்னல் வழியாக நீ என்றும் பார்த்தேன். திறக்கவில்லை. நீ படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று அச்சகக்காரர் பிறகு சொன்னார். உனக்குத் தண்ணீர் கொடுத்தாராம்.

இப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை, போர்வை மடிப்பது. மெஷின் போடுகிற சத்தத்தில் அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது, எல்லாரும் கையால்தான் பேசுகிறார்கள். அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எம்பிராய்டரி மெஷினை விற்று நூல் கடனைக் கட்டிவிட்டேன். தன் பெயரில் கடை திறக்கலாம் என்று அச்சகக்காரர் சொன்னார். பட்டியலில் என் முகவரியும் இருக்கிறது, அவரும் இதே கட்டடம். அவரையும் சேர்த்து முழுக வைக்க எனக்கு மனசில்லை. பட்டியலிலிருந்து பெயர் இறங்கும்போது எனக்கு நாற்பத்தாறு. அப்போது ஒரு மெஷின் வாங்கப் பணமும் இருக்காது, கண்ணும் இருக்காது. பணம் அனுப்பாதே. அண்ணியின் மனசு புரிகிறது. அவர்மேல் எனக்கு எப்போதும் வருத்தம் இல்லை.

நீ போடாத கடிதத்தைப் படித்தேன். அதில் எனக்குத் தெரியாத விஷயம் அதிகம் இல்லை. ஏப்ரல் முதல் தேதி வந்த தாள்களில் கார்டின் மேல் இருக்கிற பெயர் இருந்தது. ஒவ்வொரு தாளிலும், 'வாடிக்கையாளர் கூற்று: இந்தக் கடையை எனக்குத் தெரியாது' என்று இருந்தது. ஒன்பது தாள். உனக்கு ஏப்ரல் நாலாம் தேதி எழுதும்போது அவை என் மடியில்தான் இருந்தன.

உன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். அண்ணா, நீதானே, அந்த ஒரு வரியைப் போடு என்று எழுதியிருந்தால் கடை பிழைத்திருக்கும். எழுதவில்லை. நீயாகச் சொல்ல வேண்டும் என்று வீம்பு பிடித்தேன். முதல் வழி, இரண்டாம் வழி என்று விளக்கி விளக்கி எழுதினேன். ஏப்ரல் முழுக்க, முப்பதாம் தேதி வரை, தபால்காரர் வந்து போகும்வரை வாசலில் நின்றேன். கடையை உன்னோடு சேர்ந்து நானும்தான் மூடினேன். அதை மறைக்கவில்லை.

ஆனால் நீ என்னிடம் சொல்வதற்கு முன்னால், முகம் தெரியாத ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறாய். உன் முழங்காலுக்கும் சளிக்கும் இடம் இருந்த கடிதத்தில் எனக்கு ஒரு வரி இருக்கவில்லை. உன் குரலை நான் கேட்ட இடம் அது ஒன்றுதான் அண்ணா.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். காலையிலிருந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அது எழுத வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை